சாரலுக்கு முன்னே தளம் போடு!
(திட்டமிடலும் கால அட்டவணையும் – ஒரு அறிமுகம்)

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



"பிளானிங் அண்ட் ஷெட்யூலிங்" என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு நெட்வொர்க் படத்தை மனப்பாடம் செய்வோம். மறுநாள் அதை அப்படியே பேப்பரில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவோம். அத்தோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருஷம் கோடை விடுமுறையில் குற்றாலத்தில் ஒரு சின்னக் கட்டட வேலைக்குப் போய் நின்ற பிறகுதான், அந்த வட்டத்துக்கும் அம்புக்குறிக்கும் என்ன அர்த்தம் என்று புரிந்தது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நகை அடகு வைத்துக் கட்டிய ஹால்

கட்டடத்தின் சொந்தக்காரர் வயதான ஒரு அம்மா. சீசனுக்கு வருகிற கூட்டம் தங்குவதற்கு ஒரு ஹாலும் குளியலறையும் கட்டி வாடகைக்கு விட ஆசைப்பட்டார்கள். கையில் இருந்த நகையை அடகு வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். "ஜூன் ஒண்ணாம் தேதி ஹால் ரெடியாயிரணும், தம்பி. சீசன்ல வர்ற வாடகையிலதான் நகையத் திருப்பணும்" என்று என்னிடமே இரண்டு மூன்று தடவை சொன்னார்கள்.

ஏப்ரல் முதல் வாரத்தில் வேலை ஆரம்பமானது. சுவர் எழும்பும் வரை ஒரு குறையும் இல்லை. தளத்துக்குக் கம்பி கட்ட வேண்டிய நேரத்தில் கம்பி கட்டுகிற ஆள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். பத்து நாள் தளம் வேலை நின்றது. ஆனால் சைட்டைப் பார்த்தால் வேலை நிற்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் செப்டிக் டேங்க் தோண்டினார்கள். இன்னொரு பக்கம் ஆசாரி கதவுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பெயிண்ட் டப்பா கூட வந்து இறங்கியது. நான் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, தளம் எப்போ போடப் போறோம்?"

"ஆள் வந்ததும் போட்டுருவோம் தம்பி. அதான் மத்த வேலையெல்லாம் நடக்குதுல்லா? நாம ஒண்ணும் சும்மா இருக்கலையே!"

பத்து நாள் கழித்து ஆள் வந்தார். தளமும் போட்டாயிற்று. முட்டுக்களைப் பிரித்து வெளிப்பூச்சு ஆரம்பிக்கிற நேரத்தில் மேற்கே மேகம் இறங்கியது. சாரல் வந்துவிட்டது! பூசிய சுவர் காயவில்லை. சில இடங்களில் பூச்சு வழிந்தே போனது. அடுக்கி வைத்த கதவுகள் ஈரத்தில் உப்பிக்கொண்டன. வெயில் அடித்த நாளில் வேலை, மழை வந்தால் லீவு என்று இழுத்து இழுத்து, ஹால் முடிந்தபோது ஆவணி பாதி ஆகிவிட்டது. அருவியில் கூட்டம் குறைய ஆரம்பித்திருந்தது. அந்த அம்மாவுக்கு அந்த வருஷ வாடகை போயிற்று. அடகு வட்டி மட்டும் ஓடியது. மேஸ்திரிக்கு வர வேண்டிய பாக்கியும் நின்றுபோனது.

தாமதம் பத்து நாள்தான். நஷ்டமோ ஒரு சீசன். இந்தக் கணக்கு எப்படி வந்தது? அதைப் புரிந்துகொண்டால் இந்தப் பாடத்தின் பாதி நமக்குப் புரிந்துவிடும்.

திட்டமிடல் வேறு, கால அட்டவணை வேறு

நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

திட்டமிடல் என்பது என்னென்ன வேலை, எந்த வரிசையில், யார் செய்வது, என்ன பொருள் வேண்டும் என்று முடிவு செய்வது. கால அட்டவணை என்பது அந்த வேலைகளைக் காலண்டரில் ஏற்றுவது. எது எந்தத் தேதியில் ஆரம்பிக்கும், எந்தத் தேதியில் முடியும் என்று சொல்வது. மூன்றாவதாக வருவது மேலாண்மை. போட்ட கணக்குப்படி நடக்கிறதா என்று தினமும் பார்ப்பதும், நடக்காதபோது சரிசெய்வதும் அதன் வேலை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வெறும் காகிதம்தான்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நம் விவசாயிகள் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நாலு வார்த்தை கூட இல்லாமல் ஒரு கால அட்டவணையே சொல்லிவிட்டார்கள்.

எதற்காக எது காத்திருக்கிறது?

வேலைகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, "இது எதற்காகக் காத்திருக்கிறது?" என்று எழுதுவதுதான் முக்கியம். அந்த அம்மாவின் ஹாலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாட்கள் புரிவதற்காக ரவுண்டாகப் போட்டிருக்கிறேன்.

1. இடம் குறித்து வானம் தோண்டுதல் – 3 நாள். எதற்கும் காத்திருக்க வேண்டாம்.
2. அஸ்திவாரம், பேஸ்மெண்ட் – 8 நாள். வேலை 1 முடிய வேண்டும்.
3. சுவர், லிண்டல் – 12 நாள். வேலை 2 முடிய வேண்டும்.
4. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளம் கான்கிரீட் – 6 நாள். வேலை 3 முடிய வேண்டும்.
5. தளம் இறுகும் வரை காத்திருந்து முட்டு பிரித்தல் – 14 நாள். வேலை 4 முடிய வேண்டும்.
6. பூச்சு வேலை, வயரிங் – 9 நாள். வேலை 5 முடிய வேண்டும்.
7. ஆசாரியிடம் கதவு, ஜன்னல் கதவுகள் செய்து வாங்குதல் – 20 நாள். முதல் நாளே சொல்லிவிடலாம்.
8. செப்டிக் டேங்க், பைப் லைன் – 10 நாள். வேலை 1 முடிய வேண்டும்.
9. கதவு மாட்டி, வெள்ளையடித்தல் – 5 நாள். வேலை 6, 7 இரண்டும் முடிய வேண்டும்.
10. தண்ணீர் விட்டுச் சோதனை – 1 நாள். வேலை 8, 9 இரண்டும் முடிய வேண்டும்.

ஐந்தாவது வேலையைக் கவனியுங்கள். அதில் ஆள் ஒருவரும் இல்லை, காத்திருப்பதுதான் வேலை. ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டில் போட்ட தளத்துக்கு இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுக்களை 7 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் 14 நாள். ஹால் பெரியது என்பதால் 14 போட்டிருக்கிறேன். இந்த நாட்களை அட்டவணையில் எழுத மறப்பவர்கள்தான் அதிகம். கான்கிரீட் யார் அவசரத்துக்கும் இறுகாது.

எல்லா நாட்களையும் கூட்டினால் 88 வருகிறது. ஆனால் வேலை 88 நாள் இழுக்காது. சில வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் சங்கிலிகளை எடுத்து, அதில் மிக நீளமானதைக் கண்டுபிடியுங்கள். 1, 2, 3, 4, 5, 6, 9, 10 என்ற சங்கிலி: 3 + 8 + 12 + 6 + 14 + 9 + 5 + 1 = 58 நாள். இதற்கு முன்னால் கட்டடம் முடியவே முடியாது. இதைத்தான் புத்தகத்தில் கிரிட்டிக்கல் பாத் என்கிறோம்.

கதவு வேலை 20-வது நாளே முடிந்துவிடும். கதவு மாட்டுவதோ 52 நாள் முடிந்த பிறகுதான். ஆக ஆசாரிக்கு 32 நாள் உபரி இருக்கிறது. செப்டிக் டேங்க் 13-வது நாள் முடியும். 57-வது நாள் வரை யாருக்கும் அது தேவையில்லை. அதற்கு 44 நாள் உபரி. இந்த உபரிக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர். நீளமான சங்கிலியில் உள்ள எட்டு வேலைகளுக்கு ஃப்ளோட் பூஜ்யம்.

இப்போது மேஸ்திரி அண்ணாச்சி சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள். "மத்த வேலையெல்லாம் நடக்குதுல்லா?" நடந்தது உண்மைதான். ஆனால் நடந்தவை எல்லாம் 32 நாளும் 44 நாளும் உபரி உள்ள வேலைகள். நின்றது, ஒரு நாள் கூட உபரி இல்லாத வேலை. சைட்டில் எல்லாரும் வியர்வை சிந்தி உழைத்துக்கொண்டிருக்கும்போதே திட்டம் தாமதமாக முடியும் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவருக்குத் தெரியாது.

இந்த முறையை 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனிக்காக மார்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவர் உருவாக்கினார்கள். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1910-களில் ஹென்றி கேண்ட் பட்டை வரைபடத்தைப் பரப்பியிருந்தார். பட்டை வரைபடம் எந்த வேலை எப்போது என்று காட்டும். எதற்காக எது காத்திருக்கிறது என்பதைப் பளிச்சென்று காட்டுவது நெட்வொர்க் படம்தான்.

காலண்டரில் உள்ள சுவர்கள்

சரி, பத்து நாள் தாமதமானால் 58 என்பது 68 ஆக வேண்டும். அவ்வளவுதானே? புத்தகக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். நம் ஊர்க் கணக்கு அப்படி இல்லை.

ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து 58 நாள் பின்னால் எண்ணினால் ஏப்ரல் 4 வருகிறது. அந்த வேலை அப்போதுதான் ஆரம்பமானது. அதாவது முதல் நாளிலிருந்தே உபரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளையும் திருவிழா நாட்களையும் கழித்து, கொஞ்சம் முன்ஜாக்கிரதையும் சேர்த்தால் மார்ச் நடுவிலேயே வானம் தோண்டியிருக்க வேண்டும். தளத்தில் போன பத்து நாள், வெளிப்பூச்சைக் கொண்டுபோய்ச் சாரலுக்குள் தள்ளிவிட்டது. சாரலில் ஒன்பது நாள் பூச்சு வேலை எத்தனை நாள் ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டும் மலையடிவாரத்தில் இருக்கும் நம்மைத் தொடும். நிம்மதியாக வெளிவேலை செய்யக் கிடைப்பது ஏறக்குறைய ஜனவரி முதல் மே வரைதான். ஜனவரியில் பத்து நாள் போனால் பத்து நாள்தான் போகும். மே மாதத்தில் பத்து நாள் போனால் மாதக்கணக்கில் போகும். கட்டட வேலைக்கு மட்டுமில்லை. பரீட்சைத் தேதி, அறுவடை, பள்ளித் திறப்பு, டெண்டர் கடைசி நாள் என்று ஒவ்வொரு வேலைக்கும் காலண்டரில் இப்படி ஒரு சுவர் உண்டு. அட்டவணை போடும்போது முதலில் அந்தச் சுவரைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

நம் கண் முன்னால் நடந்த பெரிய உதாரணம் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை. கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையில் 1904-லேயே ரயில் ஓடியது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக செங்கோட்டை–புனலூர் பகுதியை 2010 செப்டம்பரில் மூடினார்கள். மறுபடி ரயில் ஓடியது 2018-ல். 49 கிலோமீட்டருக்கு ஏழரை வருஷம்! நம் தாத்தா பாட்டி புனலூருக்கு ரயிலில் போன பழக்கமே மறந்துபோகும் அளவுக்கு ஆகிவிட்டது.

நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தம் என்று இம்மாதிரி வேலைகளில் பல விஷயங்கள் உண்டு. ஆனால் வேலையின் வரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தாலே நமக்குப் பாடம் இருக்கிறது. தண்டவாளத்தின் இடைவெளி 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 மில்லிமீட்டர் ஆகிறது. சமவெளி என்றால் கரையை அகலப்படுத்தி, பல இடங்களில் ஒரே சமயத்தில் ஆளை இறக்கி வேலை பார்க்கலாம். மலையில் சுரங்கத்தைப் பெரிதாக்க வேண்டும். சுரங்கத்துக்குள் எத்தனை பேர் போனாலும், பாறையை உடைக்க நிற்கும் இடம் அதன் முகப்பு அளவுதான். கழுதுருட்டியில் ரோட்டோரம் நாம் பார்க்கிற பதின்மூன்று கண் பாலம் போன்ற பழைய பாலங்களைப் பலப்படுத்த வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தண்டவாளம். இடையில் ஒரு சுரங்கம் மட்டும் பாக்கி என்றாலும், மிச்சப் பாதை முழுவதும் தயாராக இருந்தும் செங்கோட்டையில் ஏறியவர் புனலூரில் இறங்க முடியாது. இதற்கு மேல் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம்!

அவசரப்படுத்துவது எப்படி?

தாமதமாகிவிட்டது என்றதும் "ஆளைக் கூட்டு, ஓவர்டைம் போடு" என்போம். எல்லா வேலைக்கும் ஆளைக் கூட்டுவது பணத்தை ஆற்றில் போடுவது. நீளமான சங்கிலியில் எந்த வேலையைக் குறைக்க முடியும் என்று மட்டும் பார்க்க வேண்டும். அந்த ஹாலில் கதவு ஆசாரிக்கு இரட்டைக் கூலி கொடுத்திருந்தாலும் ஒரு நாள் கூட மிச்சமாகாது. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு கம்பி ஆளை வண்டிச் செலவு கொடுத்துக் கூட்டி வந்திருந்தால் சீசனே தப்பித்திருக்கும்.

இதற்குப் பெருமைப்படத்தக்க உதாரணம் பாம்பன் பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்கள் பெருமளவு கடலில் விழுந்தன. பாலத்தைச் சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். எப்படி? புதிய கர்டர்கள் வரும் வரை காத்திருப்பதுதான் அந்தச் சங்கிலியில் நீளமான கண்ணி. கடலில் விழுந்த பழைய கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தும் வழியை அவர் பிடித்துக்கொண்டார். உழைப்பு பெரியதுதான். ஆனால் உழைப்பை எந்தக் கண்ணியில் போடுவது என்று தெரிந்திருந்ததே அதைவிடப் பெரியது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவரே.

நாளைக் கணிப்பது எப்படி?

"மணல் எப்போ வரும்?" என்று கேட்டால் "நாலு நாள்ல வந்துரும்" என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. பெர்ட் முறையில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எத்தனை நாள்? வழக்கமாக எத்தனை நாள்? எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள்? பதில் 2, 4, 12 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ளதை நாலால் பெருக்கி மற்ற இரண்டோடு கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். (2 + 16 + 12) ÷ 6 = 5 நாள். ஒரு நாள்தான் கூடியிருக்கிறது. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேட்டபோதுதான் "லாரி வராட்டா?", "ஆள் வேறு ஊர் போய்ட்டா?" என்ற பேச்சே வரும். அந்தப் பேச்சுக்காகவே அந்தச் சூத்திரம் என்பேன். கம்பி ஆளைப் பற்றி ஏப்ரலிலேயே அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் மாற்று ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கலாம்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர் பெயரைப் பொறுப்பாக எழுத வேண்டும். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கிற நேரத்தில், நீளமான சங்கிலியில் இந்த வாரம் எத்தனை நாள் முன்னேறினோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். இப்போது பிரிமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் என்று சாஃப்ட்வேர் இருக்கிறது. அவை கணக்குப் போட்டுத் தரும். குற்றாலத்தில் எப்போது சாரல் விழும் என்று நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அவற்றுக்குத் தெரியும்.

ஆள் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், ராஜகோபுரம் முடிந்ததைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் தம்பி குலசேகர பாண்டியன் அதை முடித்தார். பிற்காலத்தில் அது சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம், சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுப்பப்பட்டு 1990-ல் குடமுழுக்கு கண்டது. கோயிலைப் பிற்காலத்தில் செப்பனிட்டுக் காப்பவர்களை வணங்குகிறேன் என்ற பொருளில் அந்தப் பாண்டியன் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான்.

தொடங்குகிறவனே முடிப்பான் என்று நிச்சயமில்லை என்பது அந்த மன்னனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் திட்டமும் நம் தலைக்குள் மட்டும் இருந்தால், நமக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் வேலை நின்றுவிடும். அடுத்தவர் படித்துப் பார்த்து மறுநாள் காலையில் வேலையைத் தொடரும்படி எழுதி வைத்ததே திட்டம்.

நமக்கு என்ன?

இறுதியாண்டு புராஜெக்ட் நம் எல்லாருக்கும் உண்டு. எல்லா பேட்சிலும் நடப்பது ஒன்றுதான். ரிப்போர்ட்டின் அட்டைக்கு என்ன கலர் என்று மூன்று வாரம் பேசுவோம். வெளியூரிலிருந்து வர வேண்டிய மோட்டாருக்குக் கடைசியில் ஆர்டர் கொடுப்போம். கான்கிரீட் க்யூப் 28 நாள் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்பது, வைவாவுக்கு 20 நாள் இருக்கும்போது ஞாபகம் வரும். அட்டைக்கு ஃப்ளோட் உண்டு, க்யூபுக்கு இல்லை.

ஆகவே நண்பர்களே, இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். வைவா தேதியை வலது ஓரத்தில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அது எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுதுங்கள். நீளமான சங்கிலியைச் சிவப்பு மையில் போடுங்கள். தினமும் காலையில் சிவப்புக் கோட்டில் ஒரு வேலை நடக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். நம்மை நம்பி யாரோ ஒரு அம்மா நகையை அடகு வைத்திருப்பார்கள். அன்றைக்கு, "மத்த வேலையெல்லாம் நடக்குதுல்லா?" என்ற பதில் நம் வாயிலிருந்து வரக் கூடாது.

அந்த அம்மாவை இந்த வருஷம் போய்ப் பார்த்தேன். "அடுத்த வருஷம் பக்கத்துல இன்னொரு ரூம் போடணும் தம்பி. எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்கள்.

"பொங்கல் கழிஞ்ச மறுநாள் ஆரம்பிச்சிருங்கம்மா. கம்பி ஆளுக்கு மார்கழியிலயே சொல்லி வச்சிருங்க" என்றேன்.

பத்து மார்க் கேள்விக்கு நான் எழுதிய சரியான விடை அதுதான் என்று நினைக்கிறேன்.